கரி ஊதும் நேரம்

சாயப்பட்டறைக்குப் பின்பக்கத் தெருவில் குடியிருந்துகொண்டு வெள்ளைத் துணி துவைத்துப் பிழைக்கிறவளுக்கு ஒன்று பைத்தியம் பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் வேறு வழி இல்லாமல் இருக்க வேண்டும். பாய்லர்காரனின் மனைவிக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. தங்கும் விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக அவள் வீட்டுக்கு வரும். பெரிய அண்டாவில் கொதிக்க வைத்து, துவைத்து, மொட்டை மாடியில் கொடி கட்டிக் காயப்போடுவாள். காலையில் பார்த்தால் மாடி முழுக்கக் கண்ணைப் பறிக்கும் வெள்ளை. மத்தியானம் போய்ப் பார்த்தால் அதன் மேல் மிளகைப் பொடித்துத் தூவின மாதிரி கரி. கையால் தட்டிவிட்டால் அது இழுத்துக்கொண்டு கோடாகும். மறுபடியும் அண்டா, சோப்பு, இடுப்புவலி.

அந்தக் கரியைத் தூவுகிறவன் வேற்று ஆள் இல்லை, அவளைக் கட்டிக்கொண்டவன்தான்.

பாய்லருக்கு விறகு போட்டால் மட்டும் போதாது. உள்ளே இருக்கிற குழாய்களின் மேல் புகைக்கரி அப்பிக்கொண்டே போகும். ஒரு நாள் அப்படியே விட்டால் நீராவி குறையும், சாயத்தொட்டி சூடேறாது, அதற்குப் பதிலாக சூப்பர்வைசர் சூடேறுவார். அதனால் நாளுக்கு ஒரு தடவை நீராவியைப் பீய்ச்சி அந்தக் கரியை உதிர்த்துப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ள வேண்டும். பட்டறையில் அதற்குக் கரி ஊதுவது என்று பெயர். சாப்பாட்டு வேளை முடிந்ததும் பாய்லர்காரன் வால்வைத் திறப்பான். உஸ்ஸென்று ஓர் இரைச்சல் கிளம்பும். பட்டறையின் குட்டைப் புகைபோக்கி கறுப்பாகக் கக்கும். அது கலைந்து, காற்றோடு வந்து, தெருவில் எது வெள்ளையாக இருக்கிறதோ அதைத் தேடிப் பிடித்து உட்காரும்.

"நீங்க சம்பாதிக்கப் போறீங்களா, இல்ல எனக்கு வேலை வெக்கறதுக்குப் போறீங்களா?" என்று அவள் கேட்பாள். இருபது வருஷமாகப் பாய்லர் இரைச்சலில் நின்றவனுக்குக் கேட்காத மாதிரி இருப்பது கைவந்த கலை.

ஆனால் ஒருநாள் விடுதிக்காரர்கள் ஒரு மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று அவள் கத்தவில்லை. விரிப்பு ஒன்றை உதறி விரித்து அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றாள். விரிப்புக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. எல்லாரும் தூங்குகிற நேரத்தில் ஊதித் தொலைத்தால் என்ன, விடியற்காலையில் எவள் கொடியில் துணி போடுகிறாள் என்று கேட்டாள்.

இது தனக்கு ஏன் இத்தனை வருஷம் தோன்றவில்லை என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. சூப்பர்வைசரிடம் சொன்னான். தெருக்காரர்களின் புகாரைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் காது புளித்திருந்தது. யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் மோட்டுவளையைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். மறுநாளே முதலாளியிடம் போய் அதைத் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டார் என்பது வேறு கதை.

அதிலிருந்து பாய்லர்காரன் இருட்டோடு எழுந்து போவான். வெளிச்சம் வருவதற்குள் ஊதி முடித்துவிடுவான். தெருவில் துணிகள் பளிச்சென்று காய்ந்தன. எதிர்வீட்டுத் தையல்காரர், ஒரு மேல்சட்டையைக் கையில் தூக்கிக் காட்டி, இப்போதுதான் இதன் உண்மையான நிறமே எனக்குத் தெரிகிறது என்றார். தெருவே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அவனும் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தான். யாருக்குத்தான் ஆசை இருக்காது?

வீட்டின் முன்னறையில் அவன் அண்ணன் இருந்தார். தெருவுக்கு அவர் கண்டக்டர். தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட, பஸ்ஸில் டிக்கெட் கிழித்துத் தம்பியை ஆளாக்கியவர். கல்யாணம் என்று ஒன்று உண்டு என்பதையே மறந்துபோனார். வேலைநாள் முழுக்கப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்று நகரத்தின் புகையைக் குடித்ததில் நுரையீரல் நைந்துபோயிருந்தது. "என் பஸ்ஸுல டிக்கெட் வாங்காம ஏறினது புகை மட்டுந்தான். அதுவும் இறங்கவே இல்ல பாரு" என்பார். சொல்லிவிட்டு இருமுவார். இருமி முடிக்கும்வரை மற்றவர்கள் சிரிக்காமல் காத்திருக்க வேண்டும்.

மூச்சு முட்டல் அதிகமானபோது டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். மருந்து பாதிதான், மீதியைக் காற்றுதான் செய்ய வேண்டும், புகை இல்லாத காற்றில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல்வதற்கு எளிதுதான். அந்தத் தெருவில் புகை இல்லாத காற்றுக்கு எங்கே போவது? பகல் முழுக்க முக்கியச் சாலையின் லாரிப் புகை. சாயங்காலம் முனையில் குப்பையைக் கொளுத்துவார்கள். வீட்டில் கூடிப் பேசி, அவரவருக்குத் தெரிந்ததைச் சொல்லி, கடைசியில் மூன்று பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். விடியற்காலைக் காற்று இருக்கிறதே! அதைவிடச் சுத்தமானது உலகத்தில் எது? சின்னக் குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லுமே.

ஆனாலும் அவள் எதையும் சும்மா நம்புகிறவள் இல்லை. அந்த நேரத்தில்தானே இவர் ஊதுகிறார் என்ற சந்தேகம் அவளுக்கு வராமல் இல்லை. துவைத்த தலையணை உறை ஒன்றை ராத்திரியே ஈரத்தோடு முன்னறை ஜன்னலில் விரித்துப் போட்டாள். விடிந்து வெயில் வந்ததும் எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தும் பார்த்தாள். ஒரு பொட்டுக் கரி இல்லை. பாய்லர்காரனும் பார்த்தான். கரி எங்கெல்லாம் போகும் என்று அவனுக்குத் தெரியாதா? துணியில் இல்லையென்றால் காற்றில் இல்லை. துணியோடும் கரியோடும் காலம் தள்ளிய இரண்டு பேருக்கும் இதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை.

அன்று முதல் கிழக்கு வெளுக்கும் முன்பே அவள் எழுந்து வந்து, அண்ணனை நிமிர்த்தி உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணைகளை அண்டக்கொடுத்து, ஜன்னலின் இரண்டு கதவையும் திறந்துவிடுவாள்.

"நல்லா இழுங்க மாமா. அடிவயித்துலேர்ந்து இழுங்க."

அவளுக்காகவே அவர் சிரத்தையாக இழுப்பார். தூரத்தில் பட்டறையின் உஸ் சத்தம் கேட்டு அடங்கும். தம்பி வேலையை முடித்துவிட்டான், ரைட், போகலாம் என்பார். அவளுக்கு அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து தகப்பன் ஸ்தானத்தில் இருந்தவர் அவர். தம்பதிக்குள் சண்டை வந்தால் தம்பி பக்கம் பேசாத ஒரே அண்ணன் உலகத்திலேயே அவர்தான் என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அவர் மூச்சை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள்.

மழை நின்றது. அதோடு காற்றும் நின்றது. குளிர் வந்தது. கொடியில் துணிகள் அசையாமல் தொங்கின. காலையில் தெருவில் வெள்ளையாக ஒன்று தேங்கி நின்றது. எல்லாரும் அதைப் பனி என்றார்கள். தெருவில் இருமல் தொடங்கியது. தையல்காரரின் குழந்தைக்கு மார்ச்சளி. மூலைவீட்டு வாத்தியார் பாடம் நடத்த முடியாமல் லீவு போட்டார். ஒருவர் குளிர் என்றார், ஒருவர் தண்ணீர் என்றார், வாத்தியாரின் மனைவி பக்கத்து வீட்டுப் பூனைமேல் பழியைப் போட்டாள். பாய்லர்காரனை மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன்தான் தெருவைக் கரியிலிருந்து காப்பாற்றியவனாயிற்றே.

அண்ணனின் உடம்பு இறங்கிக்கொண்டே போனது. கழிவறைக்குப் போய் வருவதற்குள் நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். உதட்டில் நீலம் தட்டியது. அவர் மோசமாக ஆக, அவள் ஜன்னலை இன்னும் சீக்கிரம் திறந்தாள், இன்னும் அதிக நேரம் திறந்து வைத்தாள். போர்வைக்கு மேல் போர்வையாகப் போர்த்தி, மூக்கை மட்டும் வெளியே விட்டு உட்காரவைத்தாள்.

அந்த வட்டாரத்து ஆஸ்பத்திரியில் கூட்டம் தாங்கவில்லை என்று நகராட்சியிலிருந்து காற்றை அளக்க ஆள் அனுப்பினார்கள். வந்தது ஒரு இளம்பெண். பேச்சில் மரியாதை, தோளில் பை. மின்சார வசதியோடு நல்ல மொட்டை மாடியாக வேண்டும் என்று தெருவெல்லாம் பார்த்துவிட்டு, துணி காயும் மாடியைத்தான் கேட்டாள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியைப் பொருத்திவிட்டுப் போனாள். சில நாள் கழித்து அவள் திரும்பி வந்தபோது மத்தியானம். பாய்லர்காரன் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தான்; மனைவி விடுதிக்கு மூட்டை கொடுக்கப் போயிருந்தாள். பெண்ணுக்கு மாடிக் கதவைத் திறந்துவிட்டு, வேடிக்கை பார்க்கும் ஆசையில் கூடவே நின்றான்.

அவள் தன் கைப்பேசியில், காற்றில் இருந்த புகையின் அளவைச் சொல்லும் கோடு ஒன்றைக் காட்டினாள். கோடு பகலில் கொஞ்சம் ஏறியது, இறங்கியது. விடியற்காலைக்கு வந்ததும் சுவர் ஏறுகிற மாதிரி நேராக மேலே போனது. எல்லா நாளும் அப்படியேதான்.

"விடியக்காலைல இந்தப் பக்கம் யாராவது ஏதாவது எரிக்கறாங்களா?" என்று கேட்டாள்.

அவன் பட்டறைப் புகைபோக்கியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், விடியற்காலைக் காற்றுதானே சுத்தம் என்றான். அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள், இந்தக் குளிர்காலத்தில் மட்டும் அது பொய் என்றாள் அவள். மாடியின் ஓரத்தில் விரிப்புகள் கொதித்துக்கொண்டிருந்த அண்டாவைப் பார்த்தாள். மூடியின் இடுக்கில் ஆவி முட்டிக்கொண்டிருந்தது.

"பகல்ல வெயில் பட்டுத் தரை சூடாகும். காத்து மேல ஏறும், புகையையும் தூக்கிட்டுப் போயிடும். அது மூடி இல்லாத அண்டா. ராத்திரி தரை ஆறிப்போயிடுது. தரையை ஒட்டின காத்து கனமா, சில்லுன்னு கீழயே படுத்துடும். அதுக்கு மேல இருக்கற காத்து சூடா உக்காந்துக்கும், இந்த மூடி மாதிரி. விடியற நேரத்துலதான் மூடி ரொம்ப இறுக்கம். அப்ப விடற புகை எங்கயும் போகாதுங்க. தெருவுலயே கிடக்கும்."

"ஜன்னல்ல துணி போட்டுப் பாத்தோம். ஒரு பொட்டுக் கரி விழலையே?"

"துணில விழறது பெரிய தூள். காத்து வீசலேன்னா அது புகைபோக்கிக்குக் கீழயே விழுந்துடும். நெஞ்சுக்குள்ள போறது கண்ணுக்கே தெரியாதுங்க. அதைத் துணில எப்படிப் பாக்கறது?"

அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று அவன் முகத்தைப் பார்த்தாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றான். இருபது வருஷத்தில் புகையைப் பற்றி அவன் யாரிடமும் விசாரித்ததில்லை. படியில் இறங்கி வந்தான். முன்னறையிலிருந்து அண்ணனின் மூச்சு, துருப்பிடித்த கீல் மாதிரி, இழுத்து இழுத்துக் கேட்டது. அதைத் தாண்டிப் போக முடியாமல் கதவருகிலேயே நின்றான். தாயில்லாத தன்னைத் தோளில் போட்டு வளர்த்த மனிதருக்குத் தினமும் விடியற்காலையில் தன் கையாலேயே புகையை ஊட்டியிருக்கிறான்.

நேராகப் பட்டறைக்குப் போனான். நாளையிலிருந்து பழையபடி மத்தியானம்தான் ஊதுவேன் என்றான். சூப்பர்வைசர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஊரே பாராட்டுகிற நேரத்தில் உனக்கு என்ன கேடு, நாளைக்குக் கறுத்த துணியோடு ஜனங்கள் வாசலில் வந்து நிற்பார்கள், முதல் ஆளாக உன் மனைவிதான் நிற்பாள் என்றார். நிற்கட்டும் என்றான் அவன். அந்த மனிதரிடம் அவன் எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவர் அசந்துபோய், எப்படியோ போ என்று விட்டுவிட்டார்.

அது சுலபமாக முடிந்தது. வீட்டில் சொல்வதுதான் மலையாக நின்றது. சொல்லாமலும் இருக்க முடியாது. மத்தியானம் கரி விழுந்தால் அவள் கேட்பாள்.

சாயங்காலம் அவள் நடுக்கூடத்தில் உட்கார்ந்து விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் அண்ணன் கண்ணை மூடிக் கிடந்தார். இனிமேல் காலையில் ஜன்னலைத் திறக்காதே என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தான். ஏன் என்றாள். பனி என்றான்.

"பனி இருந்தா இன்னொரு போர்வை போத்தறேன். மாமா அந்த ஒரு வேளைதாங்க நல்லா மூச்சு விடறாரு. அதையும் அடைக்கச் சொல்றீங்களே."

அதற்கு மேல் அவனால் மறைக்க முடியவில்லை. கோடு, மூடி, அண்டா, எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகக் கொட்டினான். அவளுக்குப் புரிய நேரம் பிடிக்கவில்லை. பாதியிலேயே மடிப்பதை நிறுத்திவிட்டாள். பாதி மடித்த விரிப்பு மடியில் கிடந்தது. குரல் உயரவில்லை.

"நேரத்த மாத்தச் சொன்னது நான். ஜன்னலத் திறந்தது நான். நல்லா இழுங்க, அடிவயித்துலேர்ந்து இழுங்கன்னு சொன்னதும் நான்."

"ஊதினது நான்தானே" என்றான் அவன். உனக்கு எப்படித் தெரியும், எனக்கே தெரியவில்லையே என்றான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழியை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் இரண்டு பேரும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது முன்னறையிலிருந்து குரல் வந்தது. அவர் தூங்கவே இல்லை.

"தம்பி ஊதியிருக்கான். நீ திறந்து விட்டிருக்க. நான் வஞ்சனையில்லாம குடிச்சிருக்கேன். குடும்பமாச் சேந்துதான் வேலை பாத்திருக்கோம். இதுல ஒருத்தர் மட்டும் ஏன் பேர் வாங்கிக்கணும்?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் நிற்கவே இல்லை. அவள் ஓடிப்போய் முதுகைத் தடவினாள். தடவிக்கொண்டே, வாயைத் திறந்து, சத்தமே வராமல் அழுதாள்.

மறுநாள் விடியற்காலையில் பட்டறையிலிருந்து உஸ் சத்தம் வரவில்லை. பாய்லர்காரன் வேலைக்குப் போவதற்கு முன் முன்னறைக்கு வந்தான். அண்ணன் ராத்திரி முழுக்கப் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். தலையணைகளில் சாய்ந்து, மூடிய ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அறை புழுங்கிக் கிடந்தது. மருந்து வாசனையும் வியர்வை வாசனையும் அடைந்திருந்தன.

"இன்னிக்குத்தான் ஊதலையே. கொஞ்சம் திறம்மா" என்றார்.

அவள் எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். கை வைத்தவள் அப்படியே நின்றாள். பிறகு தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"நல்ல காத்துதானாங்க? நீங்க சொல்லுங்க, திறக்கறேன்."

சொல்லத்தான் நினைத்தான். ஆனால் நகரத்தில் அவனுடையது ஒரு புகைபோக்கிதான். அடுத்த தெருவில் இரும்பை உருக்கி வார்க்கிற பட்டறை ஒன்று இருந்தது. முக்கியச் சாலையில் லாரிகள் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டு போயின. அத்தனையும் அந்த ஒரே மூடிக்குக் கீழேதான் கிடந்தன. தன் பங்கை நிறுத்திவிட்டால் மீதி எவ்வளவு இருக்கும், அது அண்ணனை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி ஒரு தடவை நம்பித்தான் இந்தக் கதிக்கு வந்தது.

"தெரியல" என்றான்.

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டாள். சரி விடு என்பதுபோல் அண்ணன் கையை லேசாக அசைத்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் அவள் என்ன படுவாள் என்பது அவருக்குத் தெரியும்.

மத்தியானங்களில் பாய்லர்காரன் ஊதினான். துணிகளில் கரி விழுந்தது. தெருக்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார்கள். அவன் மனைவி ஒருத்திதான் வாயே திறக்காமல் விரிப்புகளை மறுபடியும் அண்டாவில் போட்டாள். விடியற்காலையைப் பற்றி அவன் சொன்னதை நம்பித் தையல்காரர் மட்டும் குழந்தையின் அறை ஜன்னலை அடைத்தார். மற்றவர்கள் அவனுக்கு வேலையில் சோம்பல் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

குளிர் விட்டுக் காற்று திரும்புவதற்குச் சில நாட்கள் முன்னால் அண்ணன் போய்விட்டார். அந்த நுரையீரலோடு அவர் இந்தக் குளிரைத் தாண்டியிருக்கவே மாட்டார், நீங்கள் மனசைப் போட்டு உழப்பிக்கொள்ள வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். அவள் தலையாட்டினாள். ஒரு வார்த்தைகூட அவளுக்குள் போகவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

உடலை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தபோது மத்தியானமாகியிருந்தது. வெயில் அடித்தது. பாய்லர்காரன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. முன்னறை ஜன்னலின் இரண்டு கதவையும் அவள் முழுசாகத் திறந்து, காற்றுக்கு ஆடாமல் இருக்கக் கொக்கியும் மாட்டினாள். பிறகு காலியாகக் கிடந்த கட்டிலில் உட்கார்ந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு மூச்சை இழுத்தாள்.